டிரெஸ்டன்ல படிக்கப் போறேன், நடுவுல ஐரோப்பா ஊருங்கள எப்படிப் பாக்கறது? சேலம் ஆளுங்க யாராவது சொல்லுங்க

கொலுசுப்பட்டறை_பொண்ணு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எனக்கு செவ்வாய்பேட்டை, அப்பா வெள்ளிக் கொலுசு பட்டறை வச்சிருக்காங்க. மெக்கானிக்கல் முடிச்சேன், இப்ப ஜெர்மனில டிரெஸ்டன்ல மாஸ்டர்ஸ் சீட் கிடைச்சு விசாவும் கைக்கு வந்துருச்சு, செப்டம்பர் கடைசில கிளம்பணும். வயசு 22.

படிக்கத்தான் போறேன், அதுல மாத்தமே இல்ல. ஆனா ரெண்டு வருஷம் அங்க இருக்கப் போறேன், பிராக், பெர்லின், வியன்னா எல்லாம் ரயில்ல போற தூரத்துல இருக்குதுன்னு மேப்ல பாக்கறப்பவே மனசு நிக்க மாட்டேங்குது. எங்க வீட்ல இதுவரைக்கும் யாரும் ஏற்காடு, மேட்டூர், பழனி, திருப்பதி தாண்டிப் போனதில்லங்க. நான் இத வீட்ல சொன்னதும் பெரியப்பா "பத்திரத்த பேங்க்ல வச்சு அனுப்பறோம் கண்ணு, அங்க போய் ஊர் சுத்தற நெனப்பு வேணாம்"னுட்டாரு. அவரு சொல்றதும் நியாயம்தான், லோன் என் பேர்ல இருந்தாலும் பத்திரம் எங்க வீட்டோடது.

அதனால நிஜமா அங்க இருந்தவங்க கிட்ட கேக்கறேன். ஸ்டூடண்ட் விசாவுல மத்த நாட்டுக்குப் போக விடுவாங்களா, ஒவ்வொண்ணுக்கும் தனி விசா எடுக்கணுமா? லோன் காசுல கை வைக்காம போக முடியுமா? பொண்ணு தனியா போலாமா (அம்மா தினமும் கேக்கற கேள்வி இதுதான்), நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன பண்றது? எந்த ஊர முதல்ல பாக்கறதுன்னும் சொல்லுங்க, இன்டர்நெட்ல பாத்தா பத்து நாள்ல எட்டு நாடுன்னு போட்டுருக்காங்க, அத பாத்தாலே மூச்சு வாங்குது.

ஓமலூர்_அண்ணன்

வாழ்த்துக்கள்மா. நான் ஓமலூர், இங்க படிச்சு முடிச்சு இங்கயே வேலைல இருக்கேன். உனக்கு நல்லது நடக்கணும்னு தான் இத முதல்ல சொல்றேன், கோவிச்சுக்காத.

காசு கணக்க முதல்ல புரிஞ்சுக்க. பிளாக்டு அக்கவுண்ட்ல (விசாவுக்காக முன்னாடியே காசு போட்டு, மாசாமாசம் மட்டும் எடுக்க விடற அக்கவுண்ட்) வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டுருப்பீங்க, மாசம் 992 தான் கைக்கு வரும். அதுல ரூம் வாடகை, ஹெல்த் இன்சூரன்ஸ், சாப்பாடு, போன், செமஸ்டர் ஃபீஸ் எல்லாம் போகணும். அந்தக் காசு நீ உயிர் வாழறதுக்கு, அதுல மிச்சம் பிடிச்சு பாரிஸ் போறேன்னு கணக்கு போட்டா மாசக் கடைசில வயித்த கட்டணும். ஊர் சுத்தற காசு நீ சம்பாதிக்கற காசா இருக்கணும். 2024 மார்ச்லருந்து ஸ்டூடண்ட்டுங்க வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள் வேலை பாக்கலாம்னு சட்டம். முதல் செமஸ்டர்ல வேலை கிடைக்கிறது கஷ்டம், மொழி வேணும், அதனால ஜெர்மன் மொழில பி1ங்கற நடு லெவல் வரைக்குமாவது படிச்சுட்டு வா, அது தான் உனக்கு ரயில் டிக்கெட்.

அடுத்தது பரீட்சை. இங்க பல யுனிவர்சிட்டில ஒரு பாடத்துக்கு மூணு வாய்ப்புதான், மூணாவதும் போச்சுன்னா அந்தக் கோர்ஸே போயிரும். அக்டோபர்ல கிளாஸ் ஆரம்பிச்சு பிப்ரவரில பரீட்சை. என் கருத்து என்னன்னா, முதல் செமஸ்டர் எங்கயும் நகராத. மார்ச் லீவு பாத்துக்கலாம்.

விசா பயம் வேணாம். நீ வாங்கியிருக்கறது ஜெர்மனியோட லாங் டெர்ம் விசா, அது செல்லுபடியாகற வரைக்கும், அப்புறம் ரெசிடென்ஸ் கார்டு வந்ததும் அத வச்சும், மத்த ஷெங்கன் நாடுங்கள்ல (ஒரே விசால போய் வர விடற ஐரோப்பிய நாடுங்க) 180 நாளுக்குள்ள 90 நாள் வரைக்கும் இருக்கலாம், தனி விசா வேண்டாம். லண்டன், அயர்லாந்து இதுல வராது, அதுக்குத் தனியா எடுக்கணும்.

ஏற்காடு_காப்பித்தோட்டம்

பாப்பா, நான் டிரெஸ்டன்லயே படிச்சவ, இப்ப ஏற்காட்டுக்குத் திரும்பி வந்து எங்க காப்பித் தோட்டத்த பாத்துக்கறேன். ஓமலூர் தம்பி சொன்ன காசுக் கணக்கு நூத்துக்கு நூறு சரி. ஆனா முதல் செமஸ்டர் நகராதன்னு சொன்னத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். அக்டோபர்லருந்து பிப்ரவரி வரைக்கும் தான் ஒரு ஆளு அங்க உடைஞ்சு போற காலம். டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிரும், வீட்டு ஞாபகம் வந்து கழுத்த நெரிக்கும், ரூமுக்குள்ளயே உக்காந்து கிடந்தா படிப்பும் ஏறாது. சனிக்கிழமை வெளிய போய்ட்டு வர்ற புள்ள தான் திங்கக்கிழமை கிளாஸ்ல நிமிந்து உக்காரும், இத நான் என்கூட இருந்தவங்க எத்தனையோ பேர்ட்ட பாத்துருக்கேன்.

முக்கியமா ஒண்ணு புரிஞ்சுக்க. நீ டூரிஸ்ட் இல்ல. பத்து நாள்ல எட்டு நாடு பாக்கறவங்களுக்கு திரும்பி வர வாய்ப்பு கிடையாது, அதான் ஓடறாங்க. நீ அந்த ஊர்க்காரி ஆகப் போற, ஒரு ஊருக்கு ஒரு நாள், ரெண்டு நாள்னு நிதானமா போய்ட்டு ராத்திரி உன் ரூம்லயே வந்து தூங்கலாம். மெதுவா பாரு, பக்கத்துலருந்து ஆரம்பி.

பக்கத்துலன்னா எவ்ளோ பக்கம்னு கேளு. உங்க அப்பா கொலுசுப் பட்டறைன்னு சொன்னியே, அத படிச்ச உடனே எனக்கு ஃப்ரைபெர்க் தான் ஞாபகம் வந்துச்சு. டிரெஸ்டன்லருந்து ரயில்ல ஒரு மணி நேரம் கூட ஆகாது. அங்க 1168ல வெள்ளி கிடைச்சுது, அந்த வெள்ளிய வச்சு தான் டிரெஸ்டன ஆண்ட சாக்சனி ராஜாங்க பணக்காரங்க ஆனதே. 1765லயே சுரங்கம் படிக்கறதுக்குன்னு அங்க ஒரு காலேஜ் ஆரம்பிச்சாங்க, இப்பவும் யுனிவர்சிட்டியா நடக்குது. பழைய வெள்ளிச் சுரங்கத்துக்குள்ள தலைல ஹெல்மெட் மாட்டி கூட்டிட்டுப் போய் காட்டறாங்க. அந்த மலைப் பகுதி முழுக்க 2019ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துருச்சு.

அந்தச் சுரங்கத்த பாத்துட்டு அடுத்த வாரமே டிரெஸ்டன் அரண்மனைல இருக்கற க்ரூனெஸ் கெவோல்பெங்கற கஜானாவுக்குப் போ. அங்க டிங்லிங்கர்னு ஒரு பொற்கொல்லரும் அவரு கூடப் பொறந்தவங்களும் 1701லருந்து 1708 வரைக்கும் உக்காந்து செஞ்ச ஒரு தர்பார் இருக்கு, அவுரங்கசீப்போட பொறந்தநாள் கொண்டாட்டம். தங்கம், வெள்ளி, எனாமல், ஆயிரக்கணக்குல வைரம், நூத்துக்கும் மேல குட்டிக் குட்டி மனுசங்க, யானை, ஒட்டகம். அவரு இந்தியாவப் பாத்ததே இல்ல, பயணம் போனவங்க எழுதினத படிச்சு மட்டும் செஞ்சிருக்காரு. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு ரொம்ப நேரம் பாத்தேன். வெள்ளிப் பத்த வைக்கிற வீட்ல வளந்த பொண்ணு நீ, அந்த வேலைப்பாட்டுல என்ன கஷ்டம் இருக்குதுன்னு எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். போட்டோ எடுக்க விட்டா எடுத்து அப்பாவுக்கு அனுப்பு.

அப்புறம் எஸ்1 லோக்கல் ரயில் பிடிச்சு ராதென் போய் இறங்கி, படகுல எல்பே ஆத்தத் தாண்டி பாஸ்டைக்கு ஏறு. மணல்கல் பாறை தூண் தூணா நிக்கும், நடுவுல 1851ல கட்டின கல் பாலம், ஆத்துலருந்து 194 மீட்டர் மேல. நம்ம ஏற்காடு லேடீஸ் சீட்ல நின்னு கீழ சேலத்த பாக்கற மாதிரி இருக்கும், காசே கிடையாது. அதே எஸ்1ல எதிர்ப் பக்கம் போனா மைசன், ஐரோப்பாவோட முதல் அசல் பீங்கான் ஃபாக்டரி வந்த ஊர், 1710.

கெர்லிட்ஸ் கட்டாயம் போ. ஜெர்மனியோட கிழக்குக் கோடி ஊர், நடுவுல ஒரு ஆறு, நடைபாலம் தாண்டினா போலந்து. 1945 வரைக்கும் ஒரே ஊரா இருந்தத போர் முடிஞ்சதும் ஆத்தோட பிரிச்சுட்டாங்க. ஒரு பாலத்த நடந்து நாடு மாறறது நம்ம ஊர்ல பொறந்தவங்களுக்கு என்னமோ பண்ணும்.

டிரெஸ்டன் ஊரே பாடம் தான். 1945 பிப்ரவரில குண்டு போட்டு இடிஞ்ச ஃப்ரௌவென்கிர்ஷ சர்ச்ச, பழைய கல்ல பொறுக்கி எடுத்து திரும்பக் கட்டி 2005ல திறந்தாங்க. கருப்பா இருக்கற கல்லு பழசு, வெளுப்பா இருக்கறது புதுசு, கிட்டப் போய் பாத்தா ஒவ்வொண்ணா தெரியும். டிசம்பர்ல ஸ்ட்ரீட்சல்மார்க்ட்னு கிறிஸ்துமஸ் சந்தை போடுவாங்க, 1434லருந்து நடக்கற சந்தை. இதுக்கெல்லாம் லோன் காசும் வேணாம், செமஸ்டர் முடியவும் வேணாம்.

குளிர் பத்தி: ஏற்காட்டு டிசம்பர் ஸ்வெட்டர் அங்க செப்டம்பருக்குத் தான் ஆகும். கனமான ஜாக்கெட்ட அங்கயே வாங்கு, இங்கருந்து தூக்காத.

சூரமங்கலம்_ரயில்பையன்

அக்கா ஊரெல்லாம் சொல்லிட்டாங்க, நான் ரயில் மட்டும் சொல்றேங்க, ஜங்ஷன் பக்கத்துல வளந்தவன், எனக்கு அது தான் தெரியும், இப்ப பிரான்ஸ்ல படிக்கறேன்.

டாய்ச்லான்ட் டிக்கெட்னு ஒண்ணு இருக்குங்க, மாச பாஸ், ஜெர்மனி முழுக்க லோக்கல் ரயில், டிராம், பஸ், மெட்ரோ எல்லாத்துலயும் போலாம், ஐசிஇ மாதிரி வேக ரயில்ல மட்டும் செல்லாது. 2023 மேல 49 யூரோவுக்கு ஆரம்பிச்சாங்க, 2025ல 58 ஆச்சு, 2026 ஜனவரிலருந்து 63. ஸ்டூடண்ட்டுக்கு நிறைய யுனிவர்சிட்டில இத குறைஞ்ச விலைல செமஸ்டர் ஃபீஸ் கூடவே சேத்துக் குடுத்துருவாங்க, அட்மிஷன் பேப்பர்ல பாருங்க. அது உங்க கைல இருந்தா அக்கா சொன்ன ஃப்ரைபெர்க், ராதென், மைசன், கெர்லிட்ஸ் எல்லாமே ரயில் செலவு பூஜ்யம். லைப்ஸிக்கும் அதுலயே போலாம், இசை மேதை பாக் 1723லருந்து சாகற வரைக்கும் வேலை பாத்த தாமஸ் சர்ச் அங்க இருக்கு. ஆஸ்திரியால சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைக்கும் கூட அந்த பாஸ் செல்லும், ஆனா டிரெஸ்டன்லருந்து லோக்கல் ரயில்லயே மாறி மாறிப் போனா ஒரு நாள் முழுக்க போயிரும், பொறுமை இருந்தா பண்ணுங்க, ஜன்னல் சீட்டு கிடைச்சா எனக்கு அதுவே திருவிழா தான்.

பிராக் உங்களுக்கு ரெண்டரை மணி நேரம், ரயில் எல்பே ஆத்த ஒட்டியே போகும், அந்த வழிய தூங்கிக் கழிச்சுராதீங்க. டிக்கெட்ட முன்கூட்டியே போட்டா சல்லிசு, செக் ரயில்வே ஆப்லயும் ஒரு தடவை விலை பாருங்க. அங்க யூரோ இல்ல, கொருனா. தெருவுல இருக்கற காசு மாத்தற கடைக்குப் போகாதீங்க, பேங்க் ஏடிஎம்ல எடுங்க, அது "யூரோல கணக்கு போடட்டுமா"ன்னு கேட்டா வேண்டாம்னு அமுக்குங்க, உள்ளூர் காசுலயே எடுத்தா தான் நஷ்டம் இல்ல. சார்லஸ் பாலம் 1357ல கட்ட ஆரம்பிச்சது, விடியக்காலைல போங்க, ஒன்பது மணிக்கு மேல தலை தான் தெரியும். பழைய சதுக்கத்து கடிகாரம் 1410லருந்து இருக்குது. புடாபெஸ்ட் போனா எம்1 மெட்ரோல கண்டிப்பா ஒரு தடவை ஏறுங்க, 1896ல திறந்தது, பிரிட்டன விட்டுட்டுப் பாத்தா ஐரோப்பால முதல் மின்சார சுரங்க மெட்ரோ அது தான்.

பாரிஸுக்கு 26 வயசு ஆகறதுக்குள்ள வந்துருங்க, இது ரொம்ப முக்கியம். ஐரோப்பால குடியிருக்கற 26க்குக் கீழ உள்ளவங்களுக்கு லூவர் மியூசியம் ஃப்ரீ, வெர்சாய் அரண்மனை ஃப்ரீ, ஓர்சே மியூசியம் ஃப்ரீ. இந்திய பாஸ்போர்ட்டா இருந்தாலும் ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டு காட்டினா போதும். அதே லூவருக்கு வெளிநாட்டுலருந்து டூரிஸ்டா வந்தா 2026 ஜனவரிலருந்து 32 யூரோ. லூவர் செவ்வாய்க்கிழமை லீவு, மத்த ரெண்டும் திங்கக்கிழமை லீவு, ஃப்ரீன்னாலும் நேரத்த ஆன்லைன்ல புக் பண்ணிட்டு வாங்க.

இன்டர்ரெயில் பாஸ் பத்தியும் கேப்பீங்க. ஐரோப்பால குடியிருக்கறவங்களுக்கு இன்டர்ரெயில், வெளிய இருந்து வர்றவங்களுக்கு யூரெயில். நீங்க அங்க குடியிருக்கறதால இன்டர்ரெயில் எடுக்கலாம், 27 வயசு வரைக்கும் இளைஞர் விலை. ஆனா குடியிருக்கற நாட்டுக்குள்ள போக ஒண்ணு, வர ஒண்ணு தான் கிடைக்கும், அதனால ஆகஸ்ட், செப்டம்பர் மாதிரி நீளமா லீவு வர்றப்ப மட்டும் பிரயோஜனம். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் வேக ரயிலுக்கு பாஸ் இருந்தாலும் சீட்டுக்குத் தனியா காசு கட்டணும்.

மலிவு விமானம்னு பாத்து ஏமாந்துராதீங்க, பாரிஸ்னு போட்டு போவேங்கற வேற ஊர்ல இறக்குவாங்க, அது ஊர்லருந்து 80 கிலோமீட்டருக்கு மேல, பஸ் காசு தனி, பை காசு தனி.

அம்மாபேட்டை_அம்மா

கண்ணு, நான் படிக்கப் போனவ இல்ல, என் மக போலந்துல படிக்கறா. உங்க அம்மா படற கவலை எனக்குத் தெரியும், அதனால அவங்களுக்கும் சேத்து எழுதறேன், இத அவங்ககிட்ட படிச்சுக் காட்டு.

தனியா போறதுக்கு நாங்க எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு வச்சிருக்கோம். கிளம்பறதுக்கு முன்னாடி எந்த ரயில், தங்கற இடம் எங்கன்னு வாட்ஸப்ல போட்டுரணும். போய்ச் சேந்ததும் ஒரு மெசேஜ். நடுவுல நான் போன் பண்ணி நச்சரிக்க மாட்டேன். இந்த ரெண்டாவது பாதி தாய்க்குத் தான் கஷ்டம், ஆனா அத காப்பாத்தினதால தான் அவ முதல் பாதிய ஒழுங்கா பண்றா. ஊர் சுத்தறவங்க தங்கற ஹாஸ்டல்ல பொண்ணுங்களுக்குத் தனி ரூம் இருக்கும், அத மட்டும் எடுன்னு சொல்லிருக்கேன். ராத்திரி நேரத்துல புது ஊர்ல போய் இறங்கற மாதிரி டிக்கெட் போடாத, பத்து யூரோ கூட ஆனாலும் பகல்ல இறங்கு. பாரிஸ் மெட்ரோலயும் பார்சிலோனாலயும் பிக்பாக்கெட் ஜாஸ்தி, பாஸ்போர்ட்ட முன்பக்கம் உடம்போட ஒட்டின பைல வை.

சாப்பாடு: ஹாஸ்டல்ல பொது சமையல்கட்டு இருக்கும், கொஞ்சம் அரிசியும் பருப்புப் பொடியும் இருந்தா அடுப்பேத்திக்கலாம். என் மக புளிக்காய்ச்சல் பாட்டில் ஒண்ணும் தட்டுவடை பாக்கெட்டும் இல்லாம எங்கயும் கிளம்ப மாட்டா, தட்டுவடை வாரக்கணக்குல கெடாது. ஜெர்மனில ஞாயித்துக்கிழமை கடை எல்லாம் மூடிருவாங்களாம், சனிக்கிழமையே வாங்கி வச்சுக்க. இங்கருந்து போறப்ப நெய், பால்கோவா, மாம்பழம் எடுத்துட்டுப் போகாத. பால் பொருள் ஐரோப்பாவுக்குள்ள விட மாட்டாங்க, மாம்பழத்துக்கு சர்டிஃபிகேட் கேப்பாங்க, ஆசையா கட்டிக் குடுத்தத ஏர்போர்ட்ல குப்பைல போட வேண்டி வரும்.

மனசு சரியில்லன்னா கோயிலுக்குப் போ. பெர்லின்ல பிரிட்ஸ் பக்கம் மயூரபதி முருகன் கோயில் இருக்கு, ஹாம்ங்கற ஊர்ல காமாட்சி அம்மன் கோயில், 2002ல கும்பாபிஷேகம் ஆனது, கோபுரத்தோட நம்ம ஊர் கோயிலேதான், தேர்த் திருவிழாவுக்கு ஜனம் கூடும். ரெண்டுமே இலங்கைத் தமிழர் கட்டினது, நம்மள பாத்தா சாப்பிடாம விட மாட்டாங்க. பாரிஸ்ல லா ஷாப்பெல் ஏரியால நிறைய தமிழ்க் கடை இருக்கு, இட்லி தோசைக்கு அங்க போய்க்கலாம்.

பெரியப்பா சொன்னத மனசுல வச்சு வருத்தப்படாத. கடன் அடையுமோங்கற பயத்துல பேசறது அது. முதல் சம்பளத்துல ஒரு சின்னத் தொகைய லோன்ல கட்டிட்டு அந்த ரசீத அனுப்பு, அப்புறம் நீ எந்த ஊர் போனாலும் அவரே போட்டோ கேப்பாரு.

கொலுசுப்பட்டறை_பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஏற்காடு அக்கா எழுதினத அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன், அந்த தர்பார் படத்த போன்ல தேடி எடுத்து பெருசாக்கி பெருசாக்கி பாத்துட்டே இருந்தாங்க, அப்புறம் "எனாமல் இவ்ளோ சின்ன இடத்துல எப்படி ஓடாம நின்னுச்சு"ன்னு கேட்டாங்க, எனக்குப் பதில் தெரியல. அப்பாவ ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போகணும்னு இப்ப புதுசா ஒரு ஆசை. அதுக்கு என்ன விசா?

ஓமலூர் அண்ணா, உங்க பேச்சையும் கேக்கறேன். பிப்ரவரி பரீட்சை முடியற வரைக்கும் ராத்திரி வெளிய தங்கற மாதிரி எங்கயும் போகல, பாஸ்ல போய்ட்டு அன்னைக்கே திரும்பற ஊர் மட்டும். பிராக் மார்ச்ல. இன்னொரு சந்தேகம்ங்கண்ணா, என் விசா ஆறு மாசத்துக்குத் தான் அடிச்சிருக்காங்க, அப்ப மார்ச்ல போறதுல பிரச்சனை வருமா?

ஏற்காடு_காப்பித்தோட்டம்

அப்பாவுக்கு ஷெங்கன் விசிட் விசா பாப்பா, பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், ஃபீஸ் 90 யூரோ, 30,000 யூரோவுக்கு டிராவல் இன்சூரன்ஸ் வேணும். பட்டறை கணக்கு, இன்கம்டாக்ஸ் பேப்பர் எல்லாம் இப்பருந்தே ஒழுங்கா வைக்கச் சொல்லு, அது தான் பாப்பாங்க. ஆடில கோட்டை மாரியம்மன் பண்டிகைய விட்டுட்டு அவரு நகர மாட்டாரு, அதனால மே மாசம் வச்சுக்க, அங்க வெயிலும் இருக்கும், பொழுதும் நீளம். கஜானாவுல ஒரு பகுதிக்கு நேரம் குறிச்ச டிக்கெட், முன்னாடியே போட்டுரு.

ஓமலூர்_அண்ணன்

சரியான முடிவுமா. விசா விஷயத்துல தான் கவனம். செப்டம்பர்லருந்து ஆறு மாசம்னா மார்ச்ல முடியுது. ஊருக்குப் போய் அட்ரஸ் பதிவு பண்ணின கையோட வெளிநாட்டவர் ஆபீஸ்ல ரெசிடென்ஸ் கார்டுக்கு விண்ணப்பம் போட்டுரு, அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்கவே மாசக்கணக்கு ஆகும். விசா முடிஞ்சு கார்டு கைக்கு வராத இடைவெளில ஜெர்மனிய விட்டு வெளிய போகாத, அந்த ஆபீஸ்லயே கேட்டுட்டு தான் போகணும். கார்டு வரலன்னா பிராக்க ஏப்ரலுக்குத் தள்ளு.

கெர்லிட்ஸ் பாலத்த தாண்டறப்பவும் பாஸ்போர்ட் ஒரிஜினல் கைல இருக்கட்டும், போலந்து, செக் பார்டர்ல போலீஸ் ரயில்லயும் ரோட்லயும் செக் பண்றாங்க, போட்டோ காப்பி காட்டினா ஒத்துக்க மாட்டாங்க. இன்சூரன்ஸ் கார்டோட பின்பக்கம் ஐரோப்பிய ஹெல்த் கார்டு இருக்கும், எந்தெந்த நாட்டுல செல்லும்னு கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டு வச்சுக்க. அவசரம்னா எந்த நாடா இருந்தாலும் 112. செப்டம்பர்ல வந்து இறங்கினதும் இங்கயே ஒரு மெசேஜ் போடு, டிரெஸ்டன்ல நம்ம பசங்க குரூப் இருக்கு, சேத்து விடறேன்.